சென்டர்போர்டு கயிறு கையோடு வந்துவிட்டால்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: எழுபதுகளில் கட்டிய ஓ'டே டே செய்லர் என்ற சிறு பாய்மரப் படகு ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். நியூஜெர்சியின் பார்னகட் விரிகுடாவில் இரண்டாம் முறை ஓட்டும்போது சென்டர்போர்டைத் (படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் பலகை) தூக்கும் கயிறு கையோடு வந்துவிட்டது. பலகை கீழே தொங்குகிறது, டிரெய்லரில் ஏற்ற முடியவில்லை. படகைக் கவிழ்க்காமல் சரிசெய்யலாமா, எந்தக் கயிறு வாங்குவது, இது மறுபடி ஆகாமல் இருக்க என்ன செய்வது?

கவிழ்க்காமல் செய்யலாம். ஆனால் முதலில் படகைக் கரையேற்ற வேண்டும், அதைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவு நீரில், காற்று குறைவாக இருக்கும் நேரத்தில், பாயை இறக்கிவிட்டுப் படகை நிறுத்துங்கள். மோட்டார் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒருவர் தண்ணீரில் இறங்கிப் பலகையின் நுனியைப் பின்பக்கமாகத் தள்ளினால் அது மேலே மடங்கும். டே செய்லரின் பலகை ஃபைபர்கிளாஸ், இரும்புத் தகடு இல்லை, அதனால் ஒரு ஆள் தள்ளுகிற கனம்தான். மடங்கியதும் ஒரு பட்டையைப் படகின் அடிவழியாகக் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுங்கள். பட்டை, பலகை சுழலும் அச்சாணியை விட்டுத் தள்ளி, பலகையின் பின்பாதியைத் தாங்குகிற இடத்தில் இருக்க வேண்டும். பட்டை கட்டும்வரை யாரும் படகின் அடியில் பலகை வந்துபோகும் பிளவுக்குள் விரலை விடக் கூடாது. பலகை சறுக்கினால் கத்தரிக்கோல் மாதிரிதான் வேலை செய்யும்.

தள்ளியும் மடங்கவில்லை என்றால் இடையில் ஏதோ சிக்கியிருக்கிறது. சிப்பி, கூழாங்கல், காய்ந்த சேறு, இவற்றில் ஒன்று. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள்: பலகையை இறக்குவதற்கென்று இருக்கிற மற்றக் கயிற்றை வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) போட்டு இழுப்பது. அப்போது அதுவும் அறுந்துபோகும். அதற்குப் பதில் தட்டையான மரச்சட்டம் ஒன்றைக் கீழிருந்து பிளவுக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கல் விழுந்துவிடும்.

சரி, படகு இப்போது வீட்டு முற்றத்தில். கயிறு வாங்கக் கிளம்பும் முன், அறுந்த நுனியை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்றால் குப்பைத் தொட்டியில் தேடியாவது எடுங்கள். ஏன் அறுந்தது என்பதை அந்த நுனிதான் சொல்லும்.

நுனிக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு நூல் பிசிறு பிசிறாக எழும்பியிருந்தால், கயிறு பல நாள் ஒரே சொரசொரப்பான இடத்தில் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் பலகை இருக்கும் பெட்டியின் மூடியில் கயிறு வெளியே வரும் ஓட்டையின் விளிம்பு. ஒரே பக்கத்தில் மட்டும் கத்தியால் சீவியதுபோல் இருந்தால், கூர்மையான ஒன்று வெட்டியிருக்கிறது: உடைந்த கப்பிச் சக்கரம், நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனை, ஃபைபர்கிளாஸ் பிசிறு. நுனி அறுபடாமல், முடிச்சு இருந்த நெளிவு மட்டும் அப்படியே சுருண்டு நின்றால், கயிறு அறுந்ததே இல்லை. முடிச்சு ஓட்டைக்குள் உருவிக்கொண்டு வந்துவிட்டது. தொட்டால் பவுடர் மாதிரி உதிர்ந்து கை வெளுத்துப்போனால், வெயில் தின்ற கயிறு. அதில் யாருக்கும் குற்றமில்லை, வயதுதான். முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த கயிற்றைப் போட்டாலும் அடுத்த வருடம் இதே இடத்தில் அறுபடும். கயிறு மாற்றுவது அரை மணி வேலை. வெட்டிய விளிம்பைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான ரிப்பேர்.

இதன் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். டே செய்லர், உஃபா ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஐம்பதுகளின் கடைசியில் வரைந்த படகு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் பந்தயத்தின் 5.5 மீட்டர் வகுப்பில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஓ'டே அதைக் கட்டி விற்றார். நீளம் 16 அடி 9 அங்குலம். பலகையை முழுக்க இறக்கினால் படகுக்கு ஏறக்குறைய 3 அடி 9 அங்குல ஆழம் வேண்டும், தூக்கிவிட்டால் ஒரு அடிகூட வேண்டாம். படகின் நடுவில் ஒரு ஒடுக்கமான பெட்டி, அதற்குள் அந்தப் பலகை, அதன் முன் மேல்மூலையில் குறுக்கே ஒரு அச்சாணி. நம் ஊர் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் பின்னால் நீளமான கை, முன்னால் குட்டையான மூக்கு. பின்பக்கம் கட்டிய ஏற்றுக்கயிற்றை இழுத்தால் நீளக் கை மேலே வந்து பெட்டிக்குள் படுக்கும். மூக்கில் கட்டிய இறக்குகயிற்றை இழுத்தால் மூக்கு மேலே வர, நீளக் கை கீழே இறங்கும். இரண்டு கயிறும் மேலேதான் வருகின்றன. எந்த ஆண்டில் கட்டிய படகு என்பதைப் பொறுத்து, வெளியே வரும் இடமும் கிளீட் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கவ்வி) இருக்கும் இடமும் மாறலாம். தத்துவம் ஒன்றுதான்.

இறக்குவதற்குத் தனிக் கயிறு எதற்கு, பலகை தானாக விழாதா என்று தோன்றும். லைட்னிங் மாதிரிப் படகுகளில் இருப்பது உலோகத் தகடு, விட்டால் விழும், தூக்கத்தான் கப்பிகள் வேண்டும். ஃபைபர்கிளாஸ் பலகை தண்ணீரில் ஏறக்குறைய கனமே இல்லாமல் நிற்கும். படகு வேகம் எடுத்ததும் நீரோட்டம் அதைப் பின்னுக்குத் தள்ளி மேலே மடக்கிவிடும். காற்றை எதிர்த்துப் போகும்போது படகு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இறக்குகயிற்றைத்தான்.

இன்னொன்று. இரண்டு கயிறும் அச்சாணிக்குப் பக்கத்தில்தான் பிடிக்கின்றன. துலாவின் குட்டைக் கையைப் பிடித்துத் தண்ணீர் இறைப்பது மாதிரி. பலகையின் கனத்தைப் போலப் பல மடங்கு இழுவிசை கயிற்றில் விழும். சின்னப் பலகை, சின்னக் கயிறு போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

கயிறு வாங்கும்போது பாலியெஸ்டர் பின்னல் கயிறு, 6 மில்லிமீட்டர், கடையில் கால் அங்குலம் என்று கேளுங்கள். நைலான் வேண்டாம். அது இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். முழுக்க இறக்கிவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பலகை பாதியில் நிற்கும். மஞ்சள் நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரோபிலீன் வெயிலில் ஒரே கோடையில் நார் நாராகும். டைனீமா என்ற செயற்கை நார்க் கயிறு உறுதியானது, ஆனால் வழுக்கும். மெல்லியதாக வாங்கினால் கிளீட் பிடிக்காது, இழுக்கும்போது உள்ளங்கையை அறுக்கும். இந்தப் படகுக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. பழைய கயிற்றை அளந்து அதைவிட ஒன்றரை மீட்டர் கூடுதலாக வாங்குங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஏற்றத்துக்குச் சிவப்பு, இறக்கத்துக்கு நீலம் என்று இரண்டு நிறமாக வாங்குவதும் நல்லது. பதற்றத்தில் இழுக்கும்போது நிறம்தான் கைகொடுக்கும்.

இனி கோர்ப்பது. கயிறு அறுபடும் முன்பே மாற்றுகிறவருக்கு இது பாவாடைக்கு நாடா கோர்ப்பதைவிடச் சுலபம். பழைய கயிற்றின் நுனியையும் புதியதின் நுனியையும் ஒன்றோடொன்று முட்டவைத்து, கோணி ஊசியால் மெழுகு நூல் போட்டு நாலைந்து தையல் தைத்து, மேலே ஒரு சுற்று டேப் ஒட்டி, பழையதை மெதுவாக இழுத்தால் புதியது பின்னாலேயே வந்துவிடும். முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள், முடிச்சு ஓட்டையில் மாட்டும். உங்கள் இறக்குகயிறு இன்னும் முழுசாக இருப்பதால் அதை இப்படியே மாற்றிவிடலாம். பலகையில் கட்டிய முனையை மட்டும் எப்படியும் திறந்துதான் கட்ட வேண்டும்.

ஏற்றுக்கயிறு முழுவதும் வெளியே வந்துவிட்டதால் அதற்கு வழிகாட்ட ஆள் இல்லை. எலக்ட்ரீஷியன்கள் குழாய்க்குள் விடுகிற எஃகு நாடா இருந்தால் அதை விடலாம், இல்லையென்றால் துணி மாட்டும் கம்பியை நேராக்கிக்கொள்ளுங்கள். வளைவான குழாய்வழியாகப் போகும் கயிறு என்றால் ஒரு வேடிக்கையான வழி உண்டு: தையல் நூலின் நுனியில் பஞ்சுருண்டை கட்டி ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் வாக்குவம் கிளீனரை வைத்தால் நூல் பறந்து வரும். நூலில் சணலைக் கட்டி, சணலில் கயிற்றைக் கட்டி இழுக்கலாம்.

உங்கள் நிலைமையில் பெட்டியின் மூடியைத் திறந்தே ஆக வேண்டும். அதற்கு முன் பலகையின் கனம் எங்காவது நிற்க வேண்டும். டிரெய்லரில் கட்டிய பட்டையை அவிழ்க்காமல் வைத்திருந்தால் அதுவே போதும். பலகையைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தால், டிரெய்லரின் குறுக்குச் சட்டம் தடுக்கும். அப்போது படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் புல்தரையில் படுக்கவைப்பதுதான் நல்லது. பாய்மரத்தையும் சுக்கானையும் கழற்றிவிட்டு, கீழே பழைய டயர்கள், அதன்மேல் பழைய மெத்தை. படகு ஏறக்குறைய 260 கிலோ, நாலு பேர் வேண்டும். ஜாக் மேல் மட்டும் நிற்கும் படகின் அடியில் தலையை விடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மூடியின் திருகாணிகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வையுங்கள், நீளம் வேறுபடும். மூடி கிளம்பவில்லை என்றால் முன்னால் யாரோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ என் படகில் நானேதான். முதல் தடவை, மூடி ஓரத்தில் தண்ணீர் பீறிடுகிறதே என்று 5200 என்ற எண்ணில் விற்கும் நிரந்தரப் பசையைத் தாராளமாகப் பூசிவிட்டேன். நன்றாக ஒட்டியது. மூன்று வருடம் கழித்துத் திறக்க ஒரு சனி ஞாயிறு முழுக்க உளியும் ஹேர் டிரையருமாக உட்கார்ந்து, விளிம்பையும் இரண்டு இடத்தில் பெயர்த்தேன். மூடிக்கு மென்மையான ரப்பர் பட்டையோ பியூட்டைல் டேப்போ போதும். அடுத்த தடவையும் திறக்கப்போவது நீங்கள்தான்.

திறந்ததும் ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து, கயிறு போகிற வழி முழுவதும், பெட்டியின் உள்விளிம்பு, ஓட்டைகள், கப்பியின் ஓரம் என்று மெதுவாகத் தேயுங்கள். துணி எங்கே மாட்டி நூல் இழுபடுகிறதோ அங்கேதான் உங்கள் கயிறு செத்தது. கண்ணுக்குத் தெரியாத ஃபைபர்கிளாஸ் முள்கூடத் துணியில் மாட்டும். விரலால் தடவாதீர்கள், விரலிலும் மாட்டும். அந்த இடத்தை முதலில் வட்ட அரத்தால், பிறகு உப்புத்தாளால் உருட்டி மழுக்குங்கள். கயிறு திரும்பும் விளிம்பு பென்சில் கனத்துக்காவது உருண்டிருக்க வேண்டும். மூடி ஓட்டையில் ஒரு ஸ்டெயின்லெஸ் வளையமோ பிளாஸ்டிக் புஷ்ஷோ பொருத்தினால் இன்னும் நல்லது. கப்பிச் சக்கரம் கையால் சுற்றினால் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். சுற்றாத கப்பி அரத்துக்குச் சமம், கயிறு அதன்மேல் தேய்ந்துகொண்டேதான் போகும்.

அப்புறம் பலகையில் கயிறு மாட்டும் ஓட்டை. பழைய படகுகளில் அதிகம் கவனிக்காமல் விடுகிற இடம் இது. யாரோ ஒரு காலத்தில் டிரில் போட்டு, அப்படியே முடிச்சைக் கட்டியிருப்பார்கள். ஓட்டையின் சுவர்வழியாகத் தண்ணீர் பலகையின் உள்ளே இறங்கும், உள்ளிருக்கும் பொருள் ஊறி உப்பும், பலகை ஒரு மில்லிமீட்டர் தடித்துப் பெட்டியில் இறுகும். பிறகு பலமாக இழுப்பீர்கள், கயிறு அறுபடும். ஓட்டையைச் சுற்றி ஈரம் கசிகிறதா, விளிம்பு கருத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சில நாள் காயவிட்டு, ஓட்டையை 12 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, கெட்டியாகக் கலந்த எபாக்சியால் (இறுகும் பிசின்) முழுக்க அடைத்து, ஒரு நாள் முழுவதும் இறுகவிட்டு, அதன் நடுவில் 7 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். இப்போது ஓட்டையின் சுவர் முழுக்க எபாக்சி, தண்ணீருக்கு வழி இல்லை. ஈரம் காயாமல் எபாக்சி ஊற்றினால் பிடிக்காது. அவசரப்பட்டால் இரட்டை வேலை.

கட்டுவதற்கு எட்டு வடிவ முடிச்சு ஒன்றே போதும், ஆனால் நுனி வாலை இரண்டு அங்குலமாவது விடுங்கள். பாலியெஸ்டர் புதிதில் வழுக்கும், ஒட்ட வெட்டினால் உருவிக்கொண்டு போகும். முடிச்சு பலகையின் பக்கத்தில் துருத்திக்கொண்டு நின்றால் பெட்டிச் சுவரில் உரசும். அது உட்கார ஓட்டையின் வாயைக் கிண்ணம்போல் குழித்துவிடுங்கள். நுனியை நெருப்பில் உருக்கி, ஆறும் முன் ஈர விரலால் உருட்டாமல் ஒரு கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். விரலில் ஒட்டினால் தோலோடு வரும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு, மறுபடி ஆகாமலிருக்க, என் பதில் இறக்குகயிற்றில்தான் இருக்கிறது. பார்னகட் விரிகுடாவின் சராசரி ஆழம் ஏறக்குறைய 5 அடி. பல இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. பலகையை முழுக்க இறக்கி ஓட்டினால் தரை தட்டும், எப்போது என்பதுதான் கேள்வி. தட்டும்போது பலகை பின்னால் மடங்க முயலும். இறக்குகயிறு கிளீட்டில் இறுகக் கட்டியிருந்தால் மடங்க முடியாது. அப்போது மூன்றில் ஒன்று போக வேண்டும்: கயிறு, கிளீட், பலகை. மூன்றில் மலிவானது போனால் அதிர்ஷ்டம்.

அதனால் இறக்குகயிற்றின் கடைசியில் ஒரு எலாஸ்டிக் கயிறு சேருங்கள், 8 மில்லிமீட்டர் கனம். எவ்வளவு நீளம் என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். பலகை முழுக்க இறங்கியிருக்கும்போது இறக்குகயிற்றில் ஒரு குறி போடுங்கள், பலகையை முழுக்க மேலே தூக்கிவிட்டு அந்தக் குறி எவ்வளவு உள்ளே போனது என்று பாருங்கள். அதுதான் கயிற்றின் பயணம். எலாஸ்டிக் தன் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குவரை நீளும். எனவே அந்தப் பயணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளமுள்ள எலாஸ்டிக் இருந்தால், தரை தட்டும்போது பலகை முழுதாக மடங்கி மீண்டும் இறங்கிவிடும். கயிற்றைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கச் சொன்னது இதற்கும், சில வருடம் கழித்துத் தேய்ந்த முனையை வெட்டிவிட்டு முடிச்சை மாற்றிக்கட்டவும்தான். எலாஸ்டிக் பிடிக்காதவர்கள், ஒரு அளவுக்கு மேல் இழுபட்டால் தானாக விடுபடும் கிளீட் விற்கிறது, அதைப் போடலாம். அல்லது இறக்குகயிற்றின் நுனியை மெல்லிய சணலால் கிளீட்டில் கட்டி, சணல் அறுபடட்டும் என்று விடலாம். சணல் முறை எனக்குப் பிடிக்கும், ஆனால் தட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கட்ட வேண்டும். விரிகுடாவில் ஒரு மதியம் அப்படி ஆறு தடவை கட்டிய பிறகு எலாஸ்டிக்குக்கு மாறிவிட்டேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பலகை திடீரென்று மேலே மடங்கும்போது ஏற்றுக்கயிறு தொய்ந்து, பெட்டிக்குள் விழுந்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்ளும். பிறகு மேலேயும் போகாது, கீழேயும் வராது. ஏற்றுக்கயிற்றின் வெளி முனையை மெல்லிய எலாஸ்டிக்கில் மாட்டி, தொய்வை எப்போதும் மெதுவாக இழுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கிளீட்டையும் ஒரு பார்வை பாருங்கள். பல் வைத்த கிளீட் என்றால் பற்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் 6 மில்லிமீட்டர் கயிறு நழுவும். அதற்காகக் கயிற்றைத் தடியாக்காதீர்கள், கிளீட்டை மாற்றுங்கள். கையால் தூக்கக் கனமாக இருந்தால் ஒரு கப்பி சேர்த்து இழுவையைப் பாதியாக்கலாம். ஆனால் இழுக்க வேண்டிய நீளம் இரட்டிப்பாகும், அந்த நீளம் காக்பிட்டில் உங்கள் காலைச் சுற்றும். டே செய்லருக்கு அது தேவைப்படாது. தேவைப்படுகிறது என்றால் பலகை எங்கோ இறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஏற்றுக்கயிற்றில் மெழுகு நூலால் இரண்டு இடத்தில் சுற்றுக் கட்டிவிடுங்கள், ஒன்று பலகை முழுக்க இறங்கியதற்கு, ஒன்று பாதிக்கு. காற்றை எதிர்த்துப் போகும்போது முழுதும், காற்று பக்கவாட்டில் வரும்போது பாதியும், பின்காற்றில் ஏறக்குறைய மேலேயும் வைப்பது வழக்கம். மார்க்கர் பேனா குறி ஒரு கோடையில் போய்விடும், நூல் சுற்று இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

மூடியைத் திருகும் முன், அச்சாணியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பலகை பக்கவாட்டில் கடகடவென்று ஆடினால் அச்சாணியோ அதன் ஓட்டையோ தேய்ந்திருக்கிறது. திறந்தது திறந்தாயிற்று, அதன் இரண்டு பக்க ரப்பர் வாஷரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு கரையிலேயே பலகையைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். பத்தும் ஒரே கனத்தில் போக வேண்டும். இடையில் ஒரு இடத்தில் கை தயங்கினால் மூடியைத் திருகாதீர்கள், துணியை எடுத்து மறுபடி தேயுங்கள். தண்ணீரில் இறக்கியதும் துறையிலேயே கட்டி வைத்து இருபது நிமிடம் அச்சாணிப் பக்கம் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் பாயை ஏற்றுங்கள்.